ட்ராக் ரேஸுக்கு புதுசு, கியர் ஸ்பேர் எதுக்கு முதல்ல காசு போடறது?

தாம்பரம்_155
எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், இது முதல் பதிவு. என்கிட்ட யமஹா ஆர்15 வி3 பைக் இருக்கு. இருங்காட்டுக்கோட்டை ட்ராக்ல லெவல் 1 ட்ரெயினிங் முடிச்சு சர்டிபிகேட் வாங்கிட்டேன், அடுத்து எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் ரேஸ் சங்கம்) லைசென்ஸுக்கு அப்ளை பண்ணப் போறேன், வர்ற சீசன்ல நாவிஸ் க்ளாஸ்ல, அதாவது புதுசா வர்றவங்க பிரிவுல ஓட்டணும். கையில ரெண்டு லட்சம் சேர்த்து வச்சிருக்கேன், இதுல கியரும் வாங்கணும், பைக்கும் ரெடி பண்ணணும், ஸ்பேரும் எடுத்துட்டுப் போகணும். இப்ப இருக்கறது ஐஎஸ்ஐ முத்திரை போட்ட ஹெல்மெட், துணி ரைடிங் ஜாக்கெட், குட்டை க்ளவுஸ் அவ்ளோதான். ஃபுல் சிஸ்டம் எக்ஸாஸ்ட் (எஞ்சின்லேந்து சைலன்சர் வரைக்கும் முழு செட்) ஒண்ணு நல்ல விலைக்கு வருது, அதை முதல்ல புடிச்சுரலாமான்னு ஒரு யோசனை. வீட்ல அம்மா சரின்னுட்டாங்க, ஆனா உடம்புக்குப் போடற சாமான்ல மட்டும் காசு மிச்சம் புடிக்காதேன்னு ஒரே கண்டிஷன். அனுபவம் இருக்கற அண்ணன்மாரு அக்காமாரு சொல்லுங்க.

பேடாக்_ஸ்டாண்ட்
தம்பி, அம்மா சொன்னதுதான் சரி, அதுலேந்தே ஆரம்பிக்கலாம். எக்ஸாஸ்ட்டை மறந்துரு. 155 சிசில அது குடுக்கற பவரை விட நீ ஒரு நாள் கூடுதலா ப்ராக்டிஸ் ஓட்டினா குறையற லேப் டைம் அதிகம். அதுவும் போக நீ ஓட்டப் போற க்ளாஸ்ல அதை மாட்ட விடுவாங்களான்னே முதல்ல ரெகுலேஷன்ல பாக்கணும், ஸ்டாக் க்ளாஸ்ல கம்பெனி குடுத்ததைத் தொடக்கூடாதுன்னு நிறைய ஐட்டம் இருக்கும்.

என் கணக்கு இதுதான். முதல் பணம் உடம்புக்கு. ரெண்டாவது பணம் விழுந்தா உடையற சின்ன சின்ன சாமானுக்கு. மூணாவது டயர், ப்ரேக் பேட், எண்ட்ரி ஃபீஸ். இதுக்கெல்லாம் போக மிஞ்சினா அப்புறம் எக்ஸாஸ்ட் பத்திப் பேசலாம், எனக்குத் தெரிஞ்சு முதல் வருஷத்துல மிஞ்சாது.

ஹெல்மெட்: ஐஎஸ்ஐ ரோட்டுக்கு. ட்ராக்குக்கு ஈசிஇ 22.06 இல்லேன்னா ஸ்நெல், இந்த வெளிநாட்டு ஹெல்மெட் ஸ்டாண்டர்டு ரெண்டுல ஒண்ணு இருக்கறதா பாரு, கூடவே அந்த ரேஸ் ரெகுலேஷன்ல எந்த ஸ்டாண்டர்டு கேட்டிருக்காங்கன்னும் பாத்துட்டு வாங்கு. முந்தின ஈசிஇ 22.05ல இல்லாத ஒண்ணு 22.06ல இருக்கு, தலை சாய்வா மோதி சுழலும்போது என்ன ஆகுதுன்னும் டெஸ்ட் பண்றாங்க, ட்ராக்ல விழறது பெரும்பாலும் அப்படித்தான். ஒரிஜினலான்னு பாக்க தாடைப் பட்டையில தச்சிருக்கற வெள்ளைத் துணியைப் பாரு, வட்டத்துக்குள்ள E, பக்கத்துல ஒரு நம்பர் இருக்கும், அது எந்த நாட்டுல அப்ரூவல் வாங்கினதுங்கறது, 9னா ஸ்பெயின், 4னா நெதர்லாந்து. கீழ வர்ற நீள நம்பர் 06ல ஆரம்பிச்சா அது 22.06. பின்னாடி ஒட்டின ஸ்டிக்கரை மட்டும் நம்பி வாங்காதே, ஸ்டிக்கர் தனியாவே விக்கறாங்க.

லாக் டபுள் டி-ரிங்தான் வேணும், க்ளிக்னு மாட்டற பக்கிள் வேண்டாம். கடையிலயே போட்டு பட்டையை இறுக்கிட்டு, கூட வந்தவரை விட்டு பின்பக்க அடி விளிம்பைப் புடிச்சு முன்னாடி உருட்டித் தள்ளச் சொல்லு. கழண்டு வந்துச்சுன்னா அந்த சைஸ் உனக்கில்ல. கன்னம் நல்லா அமுங்கணும், நெத்தியில ஒரே இடத்துல வலிக்கக் கூடாது. எவ்ளோ விலையா இருந்தாலும் தலைக்கு உக்காரலேன்னா திருப்பிக் குடுத்துரு.

ஹைவே_புலி
அண்ணே குறுக்க வரதுக்கு மன்னிக்கணும், துணி ஜாக்கெட்லயும் சிஇ லெவல் 2 (ஐரோப்பிய ஸ்டாண்டர்டு) ஆர்மர் பேட் வருதே, அப்புறம் ஏன் லெதர்தான்னு எல்லாரும் சொல்றாங்க? லடாக் வரைக்கும் இதே ஜாக்கெட்லதான் போய் வந்தேன்.

சிவப்பு_வைசர்
ஆர்மர் அடியை வாங்கும், தேய்மானத்தை வாங்காது, அதான் வித்தியாசம். ட்ராக்ல விழுந்தா ரோட்டுல மாதிரி எதுலயும் மோதி நிக்க மாட்டோம், தார்ல வழுக்கிட்டே போவோம், அந்த நேரம் பூரா துணி சூடாகி உருகும், நைலான் பாலியஸ்டர்னா தோல்ல ஒட்டிக்கவும் செய்யும். அதுக்குத்தான் மாட்டுத்தோல், 1.2ல இருந்து 1.4 எம்எம் தடிமன், உக்கார்ற இடம் தோள் முழங்கை முட்டி எல்லாம் டபுள் லேயர், தையல் ரெண்டு மூணு வரிசை. ரேஸுக்கு ஒன் பீஸ் சூட்தான் எடுக்கணும். ட்ராக் டேக்கு சில இடத்துல டூ பீஸ் விடுவாங்க, அதுவும் இடுப்பைச் சுத்தி முழுசா ஜிப் ஓடணும், முதுகுல மட்டும் கொஞ்சூண்டு ஜிப் இருந்தா விழும்போது மேல ஏறிக்கும்.

இன்னொண்ணு சொல்லணும், ஆம்பூர் வாணியம்பாடி ராணிப்பேட்டை பக்கம் தோலுக்குப் பேர் போன ஊருங்கதான், நானும் பெருமைப்படறேன், அதுக்காக அங்க ஃபேஷன் ஜாக்கெட் தைக்கறவங்ககிட்ட போய் ரேஸ் சூட் தச்சுக் குடுங்கன்னு கேக்காதீங்க. அவங்க தைக்கறது மெல்லிசான ஆட்டுத்தோல், கையில புடிச்சா பட்டு மாதிரி இருக்கும், தார்ல பட்டா கிழிஞ்சுரும். ரேஸ் சூட்னே தைக்கறவங்க நம்ம நாட்டுலயே இருக்காங்க, அளவு எடுத்துத் தைப்பாங்க, அங்க போங்க.

போட்டுப் பாக்கும்போது நின்னுட்டுப் பாக்காதீங்க. நின்னா முதுகு கூனிக்கிட்டு கை முன்னாடி இழுக்கற மாதிரிதான் இருக்கும், அது அப்படித்தான் வெட்டியிருக்கும். பைக் மேல ஏறி டேங்க்ல நெஞ்சை வச்சுப் படுங்க. கழுத்து இறுகக் கூடாது, கை மணிக்கட்டை விட்டு மேல ஏறக் கூடாது, முட்டி ஆர்மர் முட்டி மேலயே நிக்கணும், திருகிப் பாத்தாலும் நகரக் கூடாது. பேக் ப்ரொடெக்டரைப் போட்டுக்கிட்டே அளவு பாருங்க, தனியா வாங்கினா அப்புறம் ஜிப் ஏறாது. பொண்ணுங்களுக்கு ரெடிமேட் சூட் பெரும்பாலும் சரியா உக்காரறதில்ல, இடுப்புக்குப் பாத்தா நெஞ்சு இறுகும், நெஞ்சுக்குப் பாத்தா தோள் லூஸ், அதனால தைக்கறதுதான் நல்லது. கேர்ல்ஸ் க்ளாஸ்ல வர நினைக்கறவங்க இதுக்கு ஒரு மாசமாவது முன்னாடியே ஆர்டர் குடுத்துருங்க.

சூட்டோட வர்ற முதுகுப் பேட் நிறைய நேரம் வெறும் ஸ்பாஞ்ச். வெளியில எடுத்து அதுல இஎன் 1621-2ன்னு அச்சு இருக்கான்னு பாருங்க, லெவல் 2ன்னா அடி விழும்போது உள்ள போற ஃபோர்ஸ் சராசரியா 9 கிலோநியூட்டனுக்குள்ள நிக்கணும், லெவல் 1க்கு அது 18 வரைக்கும் விடறாங்க. ரெண்டுக்கும் விலை வித்தியாசம் கம்மி, ஆனா லெவல் 2ல உள்ள விடற ஃபோர்ஸ் பாதிதான். செஸ்ட் ப்ரொடெக்டரையும் விட்டுராதீங்க, 1621-3ன்னு இருக்கும்.

தாம்பரம்_155
அக்கா ரொம்ப நன்றி, டேங்க்ல படுத்துப் பாக்கணும்னு யாருமே சொன்னதில்ல. ஏர்பேக் வெஸ்ட் பத்தி என்ன நினைக்கறீங்க? ஒருத்தர் செகண்ட் ஹேண்ட் சூட் தரேங்கறாரு, வாங்கலாமா?

சிவப்பு_வைசர்
ஏர்பேக் வாங்க முடிஞ்சா தயங்காம வாங்குப்பா. மோட்டோஜிபில 2018லேந்து மூணு க்ளாஸுக்கும் கட்டாயம், சும்மா கட்டாயம் ஆக்கல, காலர்போன் தோள்பட்டை உடையறது அவ்ளோ சகஜம். ஆனா பட்ஜெட் ரெண்டு லட்சம்னா அது இரண்டாவது சீசனுக்கு இருக்கட்டும், இப்போ லெவல் 2 பேக்கும் செஸ்ட்டும் போட்டுட்டு ஓட்டு. பின்னாடி ஏர்பேக் போடற எண்ணம் இருந்தா சூட் தைக்கும்போதே நெஞ்சுல அதுக்கு இடம் விட்டுத் தைக்கச் சொல்லிரு, காத்து ரொம்பற இடம் இல்லேன்னா உன் விலா எலும்பைத்தான் அமுக்கும்.

பழைய சூட் தப்பில்ல. உள்பக்கமா திருப்பிப் போட்டு தையலைப் பாரு, முழங்கை இடுப்புப் பக்கம் தையல் நூல் பிஞ்சிருக்கா, தோல் காஞ்சு வெடிச்சிருக்கா, ஜிப் பல்லு முழுசா இருக்கா. ஒரு தடவை விழுந்து உரசின அடையாளம் இருந்தா பரவால்ல, தையல் விட்டிருந்தா வேண்டாம். ஆனா ஹெல்மெட் மட்டும் யாருகிட்டயும் பழசு வாங்காதே, எவ்ளோ நெருங்கின ஃப்ரெண்டா இருந்தாலும் சரி. உள்ள இருக்கற தெர்மாகோல் நசுங்கினது வெளியில தெரியாது.

க்ளவுஸ் மணிக்கட்டைத் தாண்டி சூட் கை மேல ஏறி மூடணும், ரெண்டு பட்டை இருக்கணும். பட்டையை இறுக்கிட்டு விரல் நுனியைப் புடிச்சு இன்னொருத்தரை இழுக்கச் சொல்லு, கழண்டு வரக் கூடாது. உள்ளங்கை அடியில எலும்பு துருத்தற இடத்துல வழுக்கற மாதிரி ப்ளாஸ்டிக் இருந்தா நல்லது, கை ஊனும்போது தார்ல சிக்காம வழுக்கிட்டுப் போகும். பூட்ஸ் கணுக்கால் திரும்பாம புடிக்கறது, ஷின் வரைக்கும் வர்றது. அப்புறம் உள்ள போடற ஸ்கின் சூட், அது இல்லாம சென்னை வெயில்ல வேர்வைக்கு லெதர் கழட்டவே முடியாது. காதுக்கு இயர் ப்ளக். க்ளியர் வைசர் ஒண்ணு, கறுப்பு ஒண்ணு. மழை வந்தா கறுப்பு வைசரோட சி1, அதான் முதல் கார்னர், எங்கன்னே தெரியாது.

மதுரை_ரெவ்லிமிட்
கியர் எல்லாம் சரிங்க, ஒத்துக்கறேன், ஆனா எனக்கு ஒரு மாற்றுக் கருத்து இருக்கு. சொந்த பைக்ல ஏன் ஆரம்பிக்கணும்? டிவிஎஸ் ஒன் மேக் (எல்லாரும் ஒரே கம்பெனி பைக்ல ஓட்டற ரேஸ்) மாதிரி போனா பைக் அவங்களோடது, மெக்கானிக் அவங்க, ஸ்பேர் அவங்க, 1994லேந்து நடத்தறாங்க, அப்பாச்சி ஆர்டிஆர் 200 பைக்ல புதுசா வர்றவங்களுக்குன்னே தனி கேட்டகரி இருக்கு. செலக்ஷன்ல நல்ல லேப் டைம் எடுத்தா போதும், இந்த ரெண்டு லட்சத்துல பாதியை நல்ல கியருக்குப் போட்டுட்டு மீதியை ஃபீஸுக்கு வச்சுக்கலாம். எல்லாருக்கும் ஒரே பைக்ங்கறதால நாம எங்க நிக்கறோம்னு நமக்கே தெரிஞ்சுரும், பைக் ஓடலங்கற சாக்கு இருக்காது. லாக் வயர் (போல்ட் கழலாம கட்டற கம்பி), கேட்ச் டேங்க் (எஞ்சின்லேந்து கசியறதைப் புடிக்கற டப்பா), லாரி வாடகைன்னு தலைவலியும் இல்ல. முதல் வருஷத்துல ஓட்டக் கத்துக்கறதா, ஸ்பானர் புடிக்கக் கத்துக்கறதா?

பேடாக்_ஸ்டாண்ட்
நல்ல கேள்வி, பாதி ஒத்துக்கறேன். செலக்ஷன் நடக்கும்போது தம்பி கண்டிப்பா போய் டைம் போடணும், கெடைச்சா விடவே கூடாது. ஆனா சீட்டு கொஞ்சம்தான், வர்றவங்க நிறைய, அதை மட்டும் நம்பி உக்காந்தா ஒரு வருஷம் போயிரும். இன்னொண்ணு, சொந்த பைக்ல நாலு தடவை ப்ரேக் பேட் மாத்தினவனுக்கு லீவர்ல வர்ற சின்ன மாற்றம்கூடப் புரியும், அது ஓட்டறதுல தெரியும். ஸ்பானரையும் கத்துக்கட்டும்னுதான் நான் சொல்வேன்.

சரி ஸ்பேருக்கு வரேன், இதுக்குத்தான் யாரும் சரியா பதில் சொல்றதில்ல.

நம்ம சென்னை ட்ராக், அதான் இருங்காட்டுக்கோட்டை, 3.7 கிலோமீட்டர், 12 கார்னர், க்ளாக்வைஸ் ஓடறது, அதாவது வலது பக்கத் திருப்பம்தான் அதிகம், அதனால விழறதும் வலது பக்கம்தான் அதிகம். வலது பக்கம் என்னென்ன இருக்கு? ப்ரேக் லீவர், ஆக்ஸிலேட்டர் ட்யூப், ரியர் ப்ரேக் பெடல், ரைட் ஃபுட்பெக், ரைட் ஹேண்டில்பார். இதெல்லாம் ரெண்டு செட் வாங்கி வை. இடது பக்கத்துக்கு க்ளட்ச் லீவர், கியர் லீவர், ஃபுட்பெக், ஒரு செட் போதும். எல்லாம் சேத்து பாத்தா உன் எக்ஸாஸ்ட் விலையில ஒரு ஓரம்கூட வராது, ஆனா இதுல ஒண்ணு இல்லாமதான் சனிக்கிழமை காலையில விழுந்தவன் ஞாயித்துக்கிழமை ரேஸை ஸ்டாண்ட்ல உக்காந்து பாக்கறான்.

வாங்கினா மட்டும் போதாது, வீட்லயே ரெடி பண்ணி வை. ரைட் ஹேண்டில்பார்ல ஆக்ஸிலேட்டர் ட்யூப், க்ரிப், பார் எண்ட் எல்லாம் மாட்டி முழுசா ஒரே பீஸா துணியில சுத்தி வச்சுக்க. க்வாலிஃபையிங்குக்கும் ரேஸுக்கும் நடுவுல க்ரிப் ஏத்தறதுக்கு ஹேர் ஸ்ப்ரே தேடிட்டு உக்காந்தா நேரம் எங்க? போல்ட்டை அவுத்தோமா, பழசை எடுத்தோமா, புதுசை வச்சு இறுக்கினோமான்னு இருக்கணும். கூடவே ஹேண்டில்பாரும் லீவரும் எந்த ஆங்கிள்ல இருக்குங்கறதை பெயிண்ட் மார்க்கர்ல கோடு போட்டு வை, அவசரத்துல மாத்தினாலும் பழைய இடத்துக்கே வந்துரும்.

இன்னொரு வித்தை. ப்ரேக் லீவர், க்ளட்ச் லீவர் புடிச்சிருக்கற க்ளாம்பை இரும்பா இறுக்காதே. அடியில ரெண்டு சுத்து டெஃப்லான் டேப் போட்டு, கையால வலுவாத் தட்டினா சுழலற அளவுக்கு மட்டும் டைட் பண்ணு. விழும்போது லீவர் ஒடியாம சுத்திக்கும், தூக்கி நிறுத்தி தட்டிவிட்டு அப்படியே ஓட்டலாம்.

தாம்பரம்_155
அண்ணே இதெல்லாம் எங்க வாங்கறது, கம்பெனி ஷோரூம்லயா ஜிபி ரோடுலயா? புதுப்பேட்டையில பழசு எடுக்கலாமா?

பேடாக்_ஸ்டாண்ட்
லீவர், பெடல், கேபிள், ப்ரேக் பேட், லீவர் போல்ட் இதெல்லாம் கம்பெனி ஒரிஜினல் மட்டும். ஜிபி ரோடுல ஒரிஜினல் விக்கற கடையும் இருக்கு, டூப்ளிகேட்டும் இருக்கு, கவர்ல பார்ட் நம்பர் பாத்து வாங்கு. டூப்ளிகேட் ப்ரேக் லீவர் பாக்க அதே மாதிரி இருக்கும், புடிச்சு அழுத்தினா வளையும். புதுப்பேட்டையில எடுக்கலாம், எதுக்குன்னா சப்ஃப்ரேம், ரேடியேட்டர், ரிம் மாதிரி பெரிய சாமான், மாசக்கணக்குல ஸ்பேரா பெட்டியில கெடக்கறதுக்குப் புதுசு வாங்கி காசை முடக்காதே. ரேடியேட்டரை மட்டும் தண்ணி ஊத்தி ப்ரஷர் டெஸ்ட் பண்ணிட்டு வாங்கு. ரிம்மைச் சுத்தி விட்டு பெண்ட் பாரு.

கோவை_லேத்து
வணக்கங்க. நான் கோவை கரி ஸ்பீட்வே ட்ராக் பக்கம், செட்டிபாளையத்துல ரேஸ் நடக்கறப்ப பசங்களுக்கு ரியர்செட் (பின்னாடி தள்ளி வைக்கற ஃபுட்பெக் செட்), ஸ்டாண்ட் எல்லாம் செஞ்சு குடுக்கறதுங்க. ஸ்க்ரூட்டினில, அதாவது ரேஸுக்கு முன்னாடி பைக்கை சோதிக்கறப்ப, நிறைய பேரைத் திருப்பி அனுப்பறது லாக் வயருக்குத்தானுங்க, அதைப் பத்தி கொஞ்சம் விவரமா சொல்றேன்.

ஆயில் ட்ரெயின் போல்ட், ஆயில் ஃபில்லர் மூடி, ஃபில்ட்டர் கவர் போல்ட், ப்ரேக் கேலிப்பர் போல்ட், இதெல்லாம் வைப்ரேஷன்ல லூசாகிக் கழண்டுச்சுன்னா ஆயில் ட்ராக்ல கொட்டும், பின்னாடி வர்ற பத்து பேரு அதுல வழுக்குவாங்க, அதனாலதான் வயர் கட்டச் சொல்றது. போல்ட் தலையில 1.5 எம்எம் ஓட்டை போடணுமுங்க. சாதா பிட்டு வச்சுப் போட்டீங்கன்னா பாதியில ஒடிஞ்சு உள்ளயே நின்னுக்கும், அப்புறம் அந்த போல்ட்டே போச்சு. கோபால்ட் பிட்டு வாங்குங்க, போல்ட்டை வைஸ்ல புடிச்சு முதல்ல பஞ்ச் அடிச்சு குழி பண்ணிக்கங்க, கட்டிங் ஆயில் ஒரு சொட்டு விட்டு, மெதுவா, அழுத்தாம போடுங்க. அறுகோணத் தலைன்னா ஒரு மூலையிலேந்து பக்கத்து பட்டைக்கு வர்ற மாதிரி போட்டா தூரம் கம்மி, சீக்கிரம் முடியும். ஓட்டை வாயில பிசிறு இல்லாம தேச்சு விட்டுருங்க, இல்லேன்னா அதுவே வயரை அறுத்துரும்.

வயர் ஸ்டெயின்லெஸ், 0.8 எம்எம். போல்ட் ஓட்டையில விட்டு ரெண்டு முனையையும் சேத்து சீரா முறுக்கிட்டுப் போய், எஞ்சின்ல அசையாத ஒரு இடத்துல கட்டணுமுங்க. இதுல முக்கியம் எந்தப் பக்கம் இழுக்குதுங்கறது. போல்ட் இறுகற திசைக்குத்தான் வயர் இழுக்கணும். எதிர்ப்பக்கமா கட்டினா லூசாகறதுக்கு நீங்களே உதவி பண்ற மாதிரி. வெட்டின முனையை உள்பக்கமா மடிச்சு விடுங்க, யாரு கைய விட்டாலும் கிழிச்சுரும். ஒவ்வொரு தடவை ஆயில் மாத்தும்போதும் புது வயர்தான், பழசைத் திருப்பி முறுக்கினா ஒடிஞ்சுரும்.

ஆர்15 வாட்டர் கூல்டுங்க, கூலன்ட்டை முழுசா வடிச்சுட்டு டிஸ்டில்டு வாட்டர் ஊத்திருங்க. கூலன்ட்ல இருக்கற க்ளைக்கால் தார்ல சிந்துச்சுன்னா எண்ணெய் மாதிரி வழுக்கும், கழுவினாலும் சீக்கிரம் போகாது. ரேஸ் முடிஞ்சு வீட்டுக்குப் போனதும் மறக்காம திரும்ப கூலன்ட் ஊத்தி வைங்க, வெறும் தண்ணியில ரேடியேட்டர் உள்ள அரிச்சுரும். எஞ்சின் ப்ரீதர் ட்யூபை ஒரு டப்பாவுல விடணும், அதைத்தான் கேட்ச் டேங்க்ங்கறாங்க. ஃபேரிங் அடிப்பாகம் எஞ்சின் ஆயிலைத் தாங்கற அளவுக்கு மூடின மாதிரி இருக்கணும், மழைத்தண்ணி வெளியேற ஒரு ஓட்டை, அதுக்கு ஒரு அடைப்பான். செயின் ஏறுற இடத்துல பின் ஸ்ப்ராக்கெட் பக்கம் கை விரல் போகாம ஒரு ஃபின் கார்டு வைக்கச் சொல்வாங்க.

மதுரை_ரெவ்லிமிட்
அண்ணா இது பொக்கிஷம், நன்றி. கம்பெனி ஃபேரிங்கைக் கழட்டி வச்சுட்டு ஃபைபர் ஃபேரிங் போடறது நல்லதுங்களா?

கோவை_லேத்து
ஆமாங்க, கண்டிப்பா. கம்பெனி ஃபேரிங் ஒரு தடவை விழுந்தா போல்ட் மாட்டற காது எல்லாம் ஒடிஞ்சுரும், விலையும் ஜாஸ்தி. ஃபைபர்னா ஓட்டை விழுந்தாக்கூட ராத்திரியே பேடாக்ல (ட்ராக்ல பைக் நிறுத்தி வேலை பாக்கற இடம்) ரெசினும் ஃபைபர் மேட்டும் வச்சு ஒட்டிக்கலாம், காலையில காஞ்சுரும். ஹெட்லைட், இண்டிகேட்டர், கண்ணாடி, சைடு ஸ்டாண்ட், பின்னாடி நம்பர் ப்ளேட் எல்லாத்தையும் கழட்டி ஒரு டப்பாவுல போட்டு பேர் எழுதி வச்சுருங்க. ஃபேரிங் மாட்டறதுக்கு கால் திருப்பு திருப்பினா கழலற க்விக் ஃபாஸ்ட்னர் போடுங்க, போல்ட் ஒவ்வொண்ணா அவுத்துட்டு இருந்தா ப்ளக் பாக்கவே அரை மணி நேரம் போயிரும்.

ஹைவே_புலி
டயரைப் பத்தி யாரும் பேசலையே? கம்பெனியோட வந்த டயர்ல ஓட்டலாமா, டயரைச் சூடாக்கற வார்மர் வேணுமா?

பேடாக்_ஸ்டாண்ட்
ரெகுலேஷன்ல எந்த டயர்னு கட்டாயமா சொல்லியிருந்தா அதுதான், வேற பேச்சே இல்ல. வார்மர் இந்த க்ளாஸுக்கு வேண்டாம், அதுக்கு ஜெனரேட்டர் வேணும், சென்னை தார் மே ஜூன்ல ரெண்டு லேப்ல டயரைத் தானே சூடாக்கிரும். ஆனா ஒரு நல்ல ப்ரஷர் கேஜ் சொந்தமா வாங்கிரு, பெட்ரோல் பங்க்ல காட்டற அளவை நம்பாதே. ரோட்டுக்கு கம்பெனி சொன்ன ப்ரஷர் ட்ராக்ல சூடானதும் எங்கயோ ஏறிரும், டயர் நடுவுல மட்டும் தொடும், பின்பக்கம் வழுக்க ஆரம்பிக்கும். ஓடி முடிச்சு பிட்டுக்குள்ள வந்த உடனே, ஹெல்மெட்டைக் கழட்டறதுக்கு முன்னாடியே யாரையாவது விட்டு ப்ரஷர் பாக்கச் சொல்லு, அதான் உண்மையான ப்ரஷர். காலையில ஓடினதுக்கும் மத்தியானம் ஓடினதுக்கும் தனித்தனியா ஒரு நோட்டுல எழுது. வெயில் எவ்ளோன்னும் எழுது. அடுத்த தடவை அந்த நோட்டுதான் உனக்கு வாத்தியார்.

ப்ரேக் ஃப்ளூயிட் டாட் 4, சீல் ஒடைக்காத பாட்டில், ஒவ்வொரு ரேஸுக்கு முன்னாடியும் புதுசா மாத்து. பாதி பாட்டிலை மூடி வச்சு அடுத்த மாசம் ஊத்தாதே, அது காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சும், அப்புறம் சூட்டுல கொதிச்சு லீவர் கைப்பிடி வரைக்கும் உள்ள போயிரும். ஃப்ரண்ட் பேட் ரெண்டு செட். முன் ஸ்ப்ராக்கெட் ஒரு பல்லு கூட ஒண்ணு, கம்மி ஒண்ணு, கரில ஓடறதுக்கும் இங்க ஓடறதுக்கும் கியரிங் வேற, அது 2.1 கிலோமீட்டர்தான், நேர் ரோடு குட்டை. செயின் லாக், ஸ்பார்க் ப்ளக், ஃப்யூஸ், க்ளட்ச் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள், ட்ரெயின் போல்ட் வாஷர், எம்6 போல்ட் நட்டு ஒரு டப்பா, கேபிள் டேக் ஒரு கட்டு, டக்ட் டேப், எம்-சீல். முன்னாடி பின்னாடி ரெண்டுக்கும் பேடாக் ஸ்டாண்ட், டார்க் ரெஞ்ச், அலன் கீ செட், டி-ஸ்பானர், தீ அணைப்பான், பெட்ரோல் கேன்.

சிவப்பு_வைசர்
இதோட ஒரு பந்தல் துணி, நாலு ப்ளாஸ்டிக் சேர், ஐஸ் பெட்டி, ஓஆர்எஸ் பாக்கெட், மாத்து டிரெஸ், டவல் இதையும் சேத்துக்கோங்க. லெதருக்குள்ள ஓடி முடிச்சு வெளிய வந்தா உடம்புல தண்ணியே இருக்காது, மூணாவது செஷன்ல கண்ணு இருட்டிட்டு ப்ரேக் மார்க்கர் தாண்டிப் போறவங்க நிறைய பேர், தூக்கம் தண்ணி ரெண்டுமே கியர் மாதிரிதான்.

2023 ஆகஸ்ட்ல இதே சென்னை ட்ராக்ல 13 வயசுப் பையன் ஒருத்தன் ரேஸ்ல இறந்து போனான், எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதை நினைக்காம நான் இன்னிக்கும் க்ரிட்ல (ரேஸ் ஆரம்பிக்கற வரிசை) நிக்கறதில்ல. கியர் எல்லாத்தையும் தடுத்துராது, ஆனா அது செய்ய வேண்டியதை செய்யற நிலைமையில இருக்கணும். பட்டை லூசா இருந்தா, ஜிப் பாதியில நின்னா, வைசர் ஸ்க்ரூ ஆடினா, க்ரிட்டுக்குப் போகாதீங்க. அந்த ரேஸ் போனாப் போகட்டும்.

தாம்பரம்_155
கேட்டதுக்கே மனசு கனமாயிருச்சு அக்கா. கண்டிப்பா பாத்துக்கறேன்.

அண்ணே இன்னும் ரெண்டு சந்தேகம். விழுந்துட்டு எந்திரிச்சு ஓட்டலாம்னு நினைச்சா என்ன பாக்கணும்? அப்புறம் கூட எத்தனை பேர் வரணும்?

பேடாக்_ஸ்டாண்ட்
முதல்ல உன்னைப் பாரு, தலை அடிபட்டிருந்தா பைக்கை விட்டுரு, மெடிக்கல் டீம் சொல்ற வரைக்கும் ஏறாதே. மார்ஷல் கை காட்டற பக்கம் ஓடு, பைக் கிட்ட நிக்காதே. பிட்டுக்கு பைக் வந்ததும் ஆக்ஸிலேட்டரை முறுக்கி விடு, பட்டுனு திரும்பணும். உள்ள மண்ணு போயிருந்தா பாதியில நின்னுக்கும், அது ஒண்ணு போதும் அடுத்த கார்னர்ல தூக்கி எறியறதுக்கு, ட்யூபைக் கழட்டி துணியால துடைச்சுட்டு திரும்பப் போடு. ஹேண்டில்பார் ரெண்டு பக்கமும் முழுசா திரும்புதா, ஃபோர்க் முறுக்கியிருக்கா, டிஸ்க் வளைஞ்சிருக்கா, ஆயில் கசியுதா, ரேடியேட்டர் தகடு கல்லு பட்டுக் கிழிஞ்சிருக்கா, கில் ஸ்விட்ச் வேலை செய்யுதா. ஃபேரிங் ஒடிஞ்ச துண்டு தொங்கினா டேப் போட்டு இறுக்கு. டெக்னிக்கல் ஆளுங்ககிட்ட திரும்பக் காட்டிட்டுத்தான் ட்ராக்குக்குப் போகணும்.

ஆள் ரெண்டு பேர் போதும். ஒருத்தன் ஸ்பானர் புடிக்கத் தெரிஞ்சவன், இன்னொருத்தன் கேஜ், நோட்டு, பெட்ரோல், சாப்பாடு பாத்துக்கறவன். பைக்கை ஓட்டிட்டுப் போயிரலாம்னு மட்டும் நினைக்காதே, ஹெட்லைட் கழட்டின பைக் ரோட்டுல போகக் கூடாது, உனக்கும் திரும்பி வரும்போது கையில பலம் இருக்காது. தாம்பரத்துலேந்துதானே, டாடா ஏஸ் ஒண்ணு வாடகைக்கு எடு, இன்னொரு பையன் பைக்கையும் ஏத்திக்கிட்டா பாதி வாடகை.

தாம்பரம்_155
சரிங்கண்ணே. எக்ஸாஸ்ட்காரருக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். ஹெல்மெட்டும் பேக் ப்ரொடெக்டரும் இந்த வாரம், சூட்டுக்கு அளவு குடுக்க அடுத்த வாரம் போறேன். லீவர், பெடல் எல்லாம் நீங்க சொன்ன மாதிரி வலது பக்கம் ரெண்டு செட். கோவை அண்ணா, ட்ரெயின் போல்ட்ல ஓட்டை போட இங்க யாரும் ஒத்துக்கல, போல்ட்டை கொரியர்ல அனுப்பினா போட்டுத் தருவீங்களா?

கோவை_லேத்து
அனுப்புங்க தம்பி, ட்ரெயின் போல்ட் ரெண்டு, கேலிப்பர் போல்ட் நாலு, ஃபில்லர் மூடி ஒண்ணு, ஃபில்ட்டர் கவர் போல்ட்டும் சேத்து அனுப்பிருங்க. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு அனுப்பினா எது எங்கன்னு குழம்பும், ஒவ்வொண்ணையும் தனி கவர்ல போட்டு பேர் எழுதிருங்க. பைக்ல இருக்கறதைக் கழட்டி அனுப்பாதீங்க, புதுசு வாங்கி அனுப்புங்க, அப்பதான் பைக்கும் ஓடிட்டு இருக்கும். மெசேஜ்ல அட்ரஸ் போடறேன்.